ஆறு அணுகுண்டுகளைச் செய்து உடைத்த நாடு

அணுக்கருப் பிளவைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "சார், சங்கிலித் தொடர்வினைதான் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறதே, அப்படியானால் எல்லா நாடுகளும் ஏன் அணுகுண்டு செய்துகொள்ளவில்லை?" நல்ல கேள்விதான். இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் இன்னும் நல்ல கேள்வியாகும். இவ்வளவு செலவும், இவ்வளவு பழியும், இவ்வளவு ஆபத்தும் உள்ள காரியத்தில் சில நாடுகள் மட்டும் ஏன் இறங்குகின்றன?

இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதங்கள் உள்ளன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா ஆகிய எட்டும் வெடித்துக் காட்டியவை. இஸ்ரேல் உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் வைத்திருக்கிறது. காரணம் கேட்டால் எல்லா நாடுகளும் சொல்லும் சொல் 'பாதுகாப்பு' என்பதே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. கொரிய யுத்தத்தின்போதும், 1954-55-ல் தைவான் தீவு பற்றிய தகராறின்போதும் அமெரிக்கா தன் அணுகுண்டை நினைவூட்டி மிரட்டியது. 1955-ல் சீனா முடிவு செய்தது, 1964-ல் வெடித்தது. 1956-ல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் தன் தோழனான அமெரிக்காவே தன்னைப் பின்வாங்கச் செய்த மனக்குறை, பிரான்ஸின் வேலையைத் துரிதப்படுத்திற்று. 1971 யுத்தத்தில் நாடு இரண்டாகப் பிளந்த சில வாரங்களுக்குள், பாகிஸ்தானின் பூட்டோ தம் விஞ்ஞானிகளை முல்தான் நகரில் கூட்டினார். ஸ்வீடனோ இதற்கு நேர்மாறு. யுரேனியமும் பொறியாளர்களும் இருந்தும், பல ஆண்டுகள் யோசித்துவிட்டு, 'வேண்டாம்' என்று 1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இந்த ஒன்பது நாடுகளின் உள்கணக்குகளில் பெரும்பகுதி இன்னும் பூட்டிய பெட்டியில்தான் இருக்கிறது. தானே குண்டு செய்து, பிறகு தானே அதைப் பிரித்துப் போட்டு, வெளியார் வந்து சோதிக்கும்படி பெட்டியையும் திறந்து காட்டிய நாடு ஒன்றே ஒன்றுதான். அது தென்னாப்பிரிக்கா. (உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் ஆகியவை திருப்பிக் கொடுத்தவை சோவியத் யூனியன் விட்டுச் சென்ற குண்டுகள், அவை சொந்தத் தயாரிப்பு அல்ல.) ஆகவே நம் கேள்விக்கு விடை தேட இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளை வரிசையாக எழுதுவதைப்போல, தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம்.

தங்கத்தோடு வந்த யுரேனியம்

ஜோஹன்னஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் உலகப் புகழ் பெற்றவை. அங்கே தங்கம் கலந்திருக்கும் பாறையிலேயே யுரேனியமும் கலந்திருக்கிறது. தங்கத்தை எடுத்துவிட்டுக் கழிவென்று கொட்டிய குவியல்களுக்கு, இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் திடீர் மதிப்பு வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் யுரேனியத்திற்காக உலகெங்கும் அலைந்த காலம் அது. 1948-ல் தென்னாப்பிரிக்காவில் அணுசக்தி வாரியம் அமைந்தது. 1952-ல் முதல் யுரேனிய ஆலை இயங்கத் தொடங்கிற்று.

மூலப்பொருளை வாங்கியவர்கள் பதிலுக்குக் கல்வியையும் கருவியையும் கொடுத்தார்கள். 'அமைதிக்காக அணு' என்ற திட்டத்தின்கீழ் 1957-ல் அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றனர். பிரிட்டோரியாவுக்கு அருகில் பெலிண்டாபா என்னுமிடத்தில், அமெரிக்கா கொடுத்த சஃபாரி-1 என்ற ஆராய்ச்சி உலை 1965-ல் இயங்கத் தொடங்கியது. பெலிண்டாபா என்பதற்கு 'பேச்சு முடிந்தது' என்று பொருள் சொல்கிறார்கள். அடுத்து வந்த இடத்தின் பெயர் வாலிண்டாபா. 'இதைப்பற்றிப் பேசுவதே இல்லை' என்று அதற்குப் பொருளாம்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

வாலிண்டாபாவில் நடந்ததுதான் முக்கியமான சங்கதி. அதைப் புரிந்துகொள்ளச் சிறிது பௌதிகம் தேவை.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 1000 அணுக்களுக்கு 7 மட்டுமே யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு. மற்றவை ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. வெடிகுண்டுக்கு வேண்டியது 235-தான். அதுவும் 100-க்கு 90 என்ற அளவில் செறிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே தனிமமாதலால் எந்த அமிலத்தில் போட்டாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். இரசாயன முறையில் எளிதாகப் பிரிக்க வழியில்லை. எடையில் உள்ள அற்ப வித்தியாசம் ஒன்றே பிடி. யுரேனியத்தை ஃபுளோரினுடன் சேர்த்து வாயுவாக்கினால், ஒரு மூலக்கூறின் எடை 349 அலகு, மற்றதன் எடை 352 அலகு. நூற்றில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை!

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் பதர் தூரம் போகிறது, மணி அருகில் விழுகிறது. பதரும் மணியும் ஏறக்குறைய ஒரே எடையாக இருந்தால் என்ன செய்வது? தூற்றியதையே மறுபடி மறுபடி தூற்ற வேண்டும். யுரேனியத்தைச் செறிவூட்டுவது இப்படிப்பட்ட வேலைதான். அமெரிக்கா நுண்துளைச் சவ்வுகளின் வழியே வாயுவைச் செலுத்திப் பிரித்தது. தென்னாப்பிரிக்கர் வேறொரு வழியைக் கண்டனர். யுரேனிய வாயுவை ஹைட்ரஜனுடன் கலந்து, அசையாத குழாய்க்குள் மிகுந்த வேகத்துடன் சுழலும்படி செலுத்தினர். சுழற்சியில் கனமான மூலக்கூறுகள் சுவரோரம் ஒதுங்க, இலேசானவை நடுவில் மிஞ்சும். மின்சாரத்தை விழுங்கும் முறை. எனினும் நிலக்கரி மலிந்த அந்நாட்டுக்கு அது பெரிய இடையூறாகவில்லை.

இத்தகைய முறை ஒன்றைத் தம் விஞ்ஞானிகள் கண்டிருப்பதாகப் பிரதமர் வோர்ஸ்டர் 1970 ஜூலையில் அறிவித்தார். 'ஒய்' ஆலை என்று அழைக்கப்பட்ட ஆலை 1977-ல் முழுமையாக இயங்கலாயிற்று. 1978 ஜனவரியில் செறிவு மிகுந்த யுரேனியம் முதன்முதலாகக் கிடைத்தது. 1979 ஆகஸ்டில் ஆலைக்குள்ளேயே வாயுக்கலவை வேதிவினைக்கு உள்ளாகி, எல்லாம் நின்றுபோயிற்று. குண்டுக்கு வேண்டிய யுரேனியம் மறுபடி கிடைக்க 1981 ஆகிவிட்டது. அணுகுண்டின் கடினமான பகுதி எது என்று மாணவர்கள் கேட்டால், இந்த ஆலையின் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம். ஒரு குண்டுக்கு 55 கிலோகிராம் வேண்டும். ஓர் அணுவும் வீணாகாமல் பிரித்தாலுங்கூட, அதற்கு ஏழு டன் இயற்கை யுரேனியம் தேவைப்படும். உண்மையில் தேவைப்படுவது அதைவிட வெகு அதிகம்.

பொருள் கைக்கு வந்தபின் குண்டின் அமைப்பு அவ்வளவு புதிரானதன்று. மாறுநிலை நிறைக்குக் குறைந்த இரண்டு துண்டுகள் தனித்தனியே சாதுவாகக் கிடக்கும். ஒன்றை மற்றொன்றோடு வேகமாகச் சேர்த்தால் தொடர்வினை பற்றிக்கொள்ளும். ஹிரோஷிமாவில் 1945-ல் விழுந்தது இவ்வகையே. அந்த அமைப்பு முன்கூட்டி வெடித்துப் பார்க்கப்படாமலே போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆக, இவ்வகைக் குண்டைச் செய்கிறவன் உலகுக்குத் தெரியும்படி சோதனை நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை. தென்னாப்பிரிக்கக் குண்டு 1.8 மீட்டர் நீளம், 65 சென்டிமீட்டர் குறுக்களவு, சுமார் ஒரு டன் எடை. அதன் ஆற்றல் 10 முதல் 18 ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அந்த 55 கிலோவில் உண்மையில் பிளவுறுவது சுமார் ஒரு கிலோதான்!

அச்சம் முதலா, ஆலை முதலா?

இனி தேதிகளுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு பின்னாளில் சொன்ன காரணம் இது: "சோவியத் ஆதரவு பெற்ற படைகள் எங்கள் எல்லையை நெருங்கின, உலகம் எங்களைத் தனிமைப்படுத்திற்று, வேறு வழியில்லாமல் குண்டு செய்தோம்."

இதில் உண்மை இல்லாமலில்லை. அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்ச்சுகலின் கையில் இருந்தவரை, தென்னாப்பிரிக்காவுக்கு அவை இரு பக்கத்து மதில்கள். 1974 ஏப்ரலில் லிஸ்பன் நகரில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது. 1975-ல் இரு நாடுகளும் விடுதலை பெற்றன. மதில் சரிந்தது. தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் நுழைய, எதிர்ப்பக்கம் கியூபா படைகள் வந்து இறங்கின. அமெரிக்கா துணைநிற்கும் என்று எதிர்பார்த்திருந்த வேளையில், அமெரிக்கக் காங்கிரஸ் அங்கோலாவுக்கான இரகசிய உதவியை நிறுத்திவிட்டது. 1976 ஜூன் மாதம் சோவெட்டோவில் பள்ளி மாணவர்கள்மீது போலீசார் சுட்டனர், உலகமே கொதித்தது. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆயுத விற்பனைக்குத் தடை விதித்தது. சஃபாரி உலைக்குத் தரவேண்டிய எரிபொருளையும் அமெரிக்கா நிறுத்திக்கொண்டது.

அச்சத்துக்குக் காரணங்கள் போதுமானவை. ஆனால் அவை எல்லாம் 1974-க்குப் பிற்பட்டவை! செறிவூட்டும் முறையை அறிவித்தது 1970. அணுவெடிப்புச் சாதனம் பற்றிய ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது 1971. அப்போது எல்லையில் கியூபா வீரன் ஒருவனும் இல்லை. அமெரிக்கா தோழனாகவே இருந்தது. பின் எதற்காக அந்த ஆராய்ச்சி? 'அமைதி வழிக்கு' என்றார்கள். சுரங்கம் தோண்டவும் துறைமுகம் வெட்டவும் அணுவெடிப்பைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அந்நாளில் பெரிய அளவில் சோதனை செய்துகொண்டிருந்தன. 1974 மே 18-ல் நம் நாடு பொக்ரானில் வெடித்ததும் இதே பெயரில்தான். மலையைப் பெயர்க்கும் வெடிக்கும் ஊரைப் பெயர்க்கும் வெடிக்கும் பௌதிகத்தில் வேறுபாடு கிடையாது. பொக்ரானுக்குப் பிறகு அந்தப் பெயரை உலகம் நம்பவில்லை. அதே 1974-ல் சாதனத்தைச் செய்யவும் சோதனைக் களம் அமைக்கவும் வோர்ஸ்டர் ஒப்புதல் அளித்தார்.

ஆகவே என் கருத்து இது. தென்னாப்பிரிக்காவில் முதலில் வந்தது அச்சமன்று. கையில் யுரேனியம், பயிற்சி பெற்ற விஞ்ஞானிகள், சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரு முறை, 'நம்மாலும் முடியும்' என்ற பெருமை, இவைதாம் முதலில் வந்தன. நெருப்பு மூட்ட விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. அச்சம் பின்னால் வந்து கொளுத்திற்று. அச்சம் வராமலே போயிருந்தால், ஒய் ஆலை தன்பாட்டில் உலை எரிபொருள் செய்துகொண்டு இருந்திருக்கவும் கூடும். விஞ்ஞானிகள் பிற்பாடு எழுதும் வரலாறுகளில் இந்த முதல் கட்டம் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அச்சத்தைக் காரணம் சொல்வது பெருமையைக் காரணம் சொல்வதைவிட மரியாதையானது அல்லவா?

யாருக்காகச் செய்த குண்டு?

1977-ல் கலஹாரிப் பாலைவனத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வாஸ்ட்ராப் என்ற இடத்தில் இரண்டு ஆழ்குழிகள் தோண்டப்பட்டிருந்தன. ஒன்று 385 மீட்டர், மற்றது 216 மீட்டர் ஆழம். ஆகஸ்டில் சோவியத் செயற்கைக்கோள் இதைக் கண்டுபிடித்தது. சோவியத் யூனியன் தன் பரம எதிரியான அமெரிக்காவுக்குத் தகவல் கொடுத்தது. அமெரிக்காவும் படம் எடுத்து உறுதி செய்துகொண்டது. மேற்கு நாடுகளும் சோவியத் யூனியனும் ஒரே குரலில் எச்சரிக்கவே, தென்னாப்பிரிக்கா சாமான்களை மூட்டைகட்டிக் குழிகளை மூடியது. அப்போது அதனிடம் குண்டுக்குரிய யுரேனியம் இன்னும் இல்லவேயில்லை. யுரேனியம்-235 இல்லாமல் கருவிகளை மட்டும் சரிபார்க்கும் ஒத்திகைக்கே ஏற்பாடு செய்திருந்தது! ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டது: குழி தோண்டினாலே வல்லரசுகள் ஓடிவரும்.

1978-ல் வகுத்த திட்டம் மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில், குண்டு உண்டா இல்லையா என்று சொல்லாமல் இருப்பது. படைபலத்தால் நாட்டுக்கு ஆபத்து நெருங்கினால், அமெரிக்கா போன்ற வல்லரசு ஒன்றின் காதில் மட்டும் இரகசியமாகச் சொல்லி உதவி கேட்பது. அதற்கும் பலன் இல்லையென்றால், பகிரங்கமாக அறிவிப்பது, அல்லது பூமிக்கடியில் வெடித்துக் காட்டுவது. எதிரியின்மேல் போடுவது என்பது இந்தப் படிகளில் இல்லை என்பதைப் பாருங்கள்.

எங்கே போடுவது? காட்டில் சிதறிக் கிடக்கும் கெரில்லாக்கள்மேலா? ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டியே இருக்கும் சோவெட்டோவின்மேலா? வெள்ளையர் அரசுக்கு மெய்யான எதிர்ப்பு அந்நாட்டின் பெரும்பான்மை மக்களிடமிருந்தே எழுந்தது. அவர்கள்தாம் அதன் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள், அதன் வீடுகளில் சமைத்தவர்கள். சொந்த வீட்டுக் கூரைமேல் யாராவது குண்டு போடுவார்களா?

வீட்டில் சண்டை முற்றியதும் கிணற்றுக் கட்டைமேல் ஏறி நின்று, "குதித்துவிடுவேன்" என்று கத்துபவரைக் கிராமங்களில் பார்த்திருக்கலாம். அவர் கண் கிணற்றின்மேல் இராது. ஊரார் வருகிறார்களா என்று தெருவின்மேல் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் குண்டு அப்படிப்பட்டது. அதன் குறி வாஷிங்டன் நகரம். வெடிப்பதற்காக அன்று, அங்கே இருப்பவர்களை ஓடிவரச் செய்வதற்காக.

பயன்பட்டதா என்று கேட்டால், பட்டதாகத் தெரியவில்லை. விமானத்தில் ஏற்றக்கூடிய முதல் குண்டு 1982-ல் தயாராயிற்று. அதன் பிறகுதான் சோதனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1985-ல் வெளிநாட்டு வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. கறுப்பர் குடியிருப்புகள் தீப்பற்றி எரிந்தன. 1987-88-ல் அங்கோலாவின் குயிட்டோ குவானவாலே போர்முனையில் படை முன்னேற முடியாமல் நின்றது. அங்கோலாவில் கியூபா வீரர்களின் எண்ணிக்கை சுமார் 50,000 ஆயிற்று. அந்நாட்களில் கலஹாரியில் மூடிய குழிக்குமேல் ஓர் இரும்புக் கொட்டகை எழுந்தது. உள்ளே தேங்கிய நீரை இறைத்துக் குழியைச் சரிபார்த்தார்கள். கிணற்றுக் கட்டைமேல் ஒரு கால்! அதற்குமேல் போகவில்லை. 1988 டிசம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கியூபா படைகள் வெளியேறவும், நமீபியா விடுதலை பெறவும் வழி பிறந்தது. இத்தனை நாட்களும் குண்டுகளின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டிக் கிடந்தன. இதற்கெல்லாம் ஆன செலவு சுமார் 80 கோடி ராண்ட் என்று பின்னர் சொல்லப்பட்டது. அணுகுண்டுக்கு இது மலிவு விலை என்று சிலர் வியக்கிறார்கள். கறுப்பர் குழந்தையின் படிப்புக்கு வெள்ளையர் குழந்தைக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கே செலவழித்த அரசு அது என்பதையும் சேர்த்துத்தான் இந்த விலையைப் படிக்க வேண்டும்.

பிரித்துப் போட்ட கதை

1989 செப்டம்பரில் டி கிளார்க் ஜனாதிபதியானார். கியூபா படைகள் திரும்பிக்கொண்டிருந்தன. நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 பிப்ரவரி முதல் தேதி ஒய் ஆலை மூடப்பட்டது. மறுநாள், தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு விதித்த தடையை நீக்குவதாக டி கிளார்க் அறிவித்தார். அதே மாதம் 11-ம் தேதி மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தார். மூன்றும் இரண்டு வாரங்களுக்குள் நடந்தவை. உலகம் கண்டது பின்னிரண்டை மட்டுமே.

1990 ஜூலையில் தொடங்கி ஓராண்டில் ஆறு குண்டுகளும் பிரிக்கப்பட்டன. ஏழாவது பாதியிலேயே நின்றது. யுரேனியம் உருக்கப்பட்டுப் பெலிண்டாபாவுக்குத் திரும்பிற்று, வரைபடங்கள் அழிக்கப்பட்டன. 1991 ஜூலை 10-ல் தென்னாப்பிரிக்கா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தன்னிடம் குண்டுகள் இருந்தன என்ற செய்தியை 1993 மார்ச் 24-ல்தான் பாராளுமன்றத்தில் டி கிளார்க் வெளியிட்டார்.

அவர் சொன்ன காரணம்: அச்சுறுத்தல் நீங்கிற்று, இனி குண்டு சுமைதான். சொல்லாத காரணமும் ஒன்று இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்: ஆட்சி கைமாறப் போகிறது, குண்டும் சேர்ந்து கைமாற வேண்டாம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆட்சிக்கு வந்த மண்டேலாவின் கட்சியும் அணு ஆயுதத்தைத் திரும்ப நாடவில்லை. ஆப்பிரிக்கா முழுவதையும் அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் ஒப்பந்தம் 1996-ல் கையெழுத்துக்கு வந்தபோது, அதற்கு வைத்த பெயர் பெலிண்டாபா ஒப்பந்தம்.

'எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம்' என்று ஒரு நாடு சொன்னால் எப்படி நம்புவது? இங்கே மறுபடி பௌதிகம் கைகொடுத்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஒய் ஆலையின் பழைய தினசரிப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, மளிகைக் கடைக் கணக்கைப்போல வரவு செலவு பார்த்தார்கள். உள்ளே சென்ற யுரேனியம்-235 இவ்வளவு. வெளிவந்த சரக்கில் இவ்வளவு. கழிவில் தங்கியது இவ்வளவு. பொருள் அழியாது என்ற விதி இருப்பதால் இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும். கலஹாரிக் குழிகள் கான்கிரீட் கொட்டிப் பயனற்றவையாக்கப்படுவதையும் 1993-ல் நேரில் நின்று பார்த்தார்கள்.

பிரித்தெடுத்த யுரேனியம் காற்றில் கரைந்துவிடவில்லை. யுரேனியம்-235-இன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள். அதில் ஒரு பகுதியைச் சஃபாரி உலையில் வைத்து மாலிப்டினம்-99 செய்தார்கள். அதிலிருந்து பிறக்கும் டெக்னீஷியம், இருதயத்தையும் எலும்பையும் படம் பிடிக்க உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. மீதமுள்ளது பெலிண்டாபாவில் காவலுக்குள் வைக்கப்பட்டது. 2007 நவம்பரில் ஓர் இரவு, ஆயுதம் தாங்கிய சிலர் மின்வேலியைக் கடந்து அந்த வளாகத்துக்குள் புகுந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறைவரை வந்து, அங்கிருந்த ஊழியர் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தப்பிச் சென்றனர். யுரேனியம் இருந்த பெட்டகத்தை அவர்கள் எட்டவில்லை.